மாமியாரை அரை டோஸாகக் குறைத்தோம்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குத் தனி அறை கொடுத்துவிட்டார்களாம். கதவு இருக்கிறதாம். தாழ்ப்பாள்கூட இருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆலோசகர் பெண் நிவேதா போனில் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அறைப் பெருமையைப் பேசி முடித்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சிஸ்டர், ஒரு சந்தேகம். பேஷன்ட்கிட்ட தாம்பத்தியத்தைப் பத்தியும் கேக்கணும்னு சொல்லியிருக்காங்க. எப்படிக் கேக்கறதுன்னே தெரியல. எனக்கே இன்னும் கல்யாணம் ஆகல. நான் கேட்டதும் அவங்க என்னைப் பாக்குறாங்க, நான் ஃபேனைப் பாக்குறேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேனைப் பார்ப்பதை இவள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் டாக்டர் மலையைப் பார்ப்பார்.

"வீட்டுக்கு வா, சொல்றேன்" என்றேன். அவள் வருவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேச ஆரம்பித்தால் நான் ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குத் தாவிவிடுவேன் என்பது என் வீட்டுக்காரரின் புகார். உண்மைதான். ஆனால் அதை அவரிடம் ஒப்புக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை.

நர்ஸ் படிப்பில் மனநலம் என்பது ஒரு பாடம், ஒரு மாதப் பயிற்சி, அவ்வளவுதான். ஊசி போட, கட்டுப் போட, குழந்தை பிறக்கும்போது கூட நிற்க எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். புருஷன் பெண்டாட்டி பேச்சு வந்தால் மட்டும் எங்கள் டீச்சர் தலைகுனிந்து புத்தகத்திலிருந்து வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பல வார்டுகளில் சுற்றிவிட்டு, வேலையின் பிற்பகுதியில்தான் செஞ்சிக்கு வந்து இந்தப் பிரிவில் மாட்டினேன். மாட்டினேன் என்று சொன்னாலும், மனசுக்குப் பிடித்து நான் செய்த வேலை அதுதான்.

மனநல டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமைதான் வருவார். அவருக்கு ஒதுக்கியிருந்தது வராந்தாவின் கடைசியில் ஒரு மேஜை. பக்கத்திலேயே நாய்க்கடி ஊசிக்கான வரிசை. நடுவில் ஒரு பச்சைத் துணித் தட்டி நிற்கும். அது பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது. மனநலத்துக்கு வந்தவர்கள் தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிட்டால் சட்டென்று நாய்க்கடி வரிசையில் போய் நின்றுகொள்வார்கள். நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் செஞ்சியில் மனிதர்களைவிட நாய்கள்தான் அதிகம் என்று நினைக்கத் தோன்றும்.

டாக்டர் பெயர் சபாபதி என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நோயாளி எழுந்தால் அவரும் பாதி எழுந்துவிடுவார், அவ்வளவு மரியாதை. கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். "சாப்பாடு எப்படி இருக்கு? தூக்கம் எப்படி? வேலைக்குப் போறீங்களா?" முழுப் பதிலையும் கேட்ட பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். எழுதி முடித்து மூடிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தபடியே ஜன்னல் வழியாகக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைப் பார்த்து, "மத்தபடி?" என்பார்.

அவரைப் பொறுத்தவரை கணவன், மனைவி, படுக்கை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்களும் திரும்பி மலையைப் பார்ப்பார்கள். "மத்தபடி ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். ஒரு பெரியவர், டாக்டர் கோட்டையைப் பற்றித்தான் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "மேல சுனையில இன்னும் தண்ணி கெடக்குது சார்" என்று தகவல் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டருக்கு இன்னொரு குணம் உண்டு. எதையும் திடீரென்று நிறுத்த விடமாட்டார். மாத்திரையானாலும் சரி, பழக்கமானாலும் சரி, முழுசு, முக்கால், அரை, கால் என்றுதான் இறங்க வேண்டும். "டக்குனு நிறுத்தக் கூடாது, சிஸ்டர்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. சர்க்கரை வந்தபோது அவர் தன்னுடைய டீயையே அப்படித்தான் குறைத்தார். கால் டம்ளர் டீ கேட்டு நின்றவரைப் பார்த்து கேண்டீன்காரருக்கு ஒரே குழப்பம்.

முதலில் ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் பெரிய கதை புரியும். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் நன்றாகத் தேறி வந்துகொண்டிருந்தார். ஆனால் அடிக்கடி மறுபடி சரிந்துவிடுவார். விசாரித்தால், வாரக் கடைசியில் மாத்திரைக்கு லீவு விட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவிதான் என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னார்: "மாத்திரை போட்டா நல்ல மனுசனா இருக்காரு சிஸ்டர், புருசனாத்தான் இல்ல. போடலன்னா ரெண்டுமே இல்ல."

சில மாத்திரைகள் சிலருக்கு ஆசையைக் குறைத்துவிடும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயமும்கூட. நான் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் மலையைப் பார்த்தார், பிறகு மருந்தை மாற்றினார். கொஞ்ச நாளில் பாத்திரக்கடைக்காரர் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். அந்த வெற்றிதான் அடுத்த கேஸில் எங்கள் கண்ணை மறைத்தது.

ஏழுமலை ஒரு கொத்தனார். தளவானூர் பக்கத்துக் கிராமம். கல்யாணமான சில மாதங்களிலேயே கடுமையான மனச்சோர்வு வந்து, ஒரு விடியற்காலையில் உயிரை விடப் பார்த்தவர். அவர் அம்மா பச்சையம்மாள் நல்ல நேரத்துக்குப் பார்த்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்கவைத்து எங்களிடம் அனுப்பினார்கள். அதன் பிறகு மாதம் தவறாமல் வந்தார்கள், அம்மா, பிள்ளை, மருமகள் அமுதா என்று மூன்று பேருமாக. இரண்டு வருடத்தில் ஏழுமலை நன்றாகத் தேறிவிட்டார். சாப்பாடு நன்று, தூக்கம் நன்று, வேலைக்கும் போகிறார். மத்தபடி ஒண்ணுமில்ல சார்.

இளைத்துக்கொண்டே போனது அமுதாதான். ஒரு வியாழக்கிழமை அவளுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பட்டையைச் சுற்றும்போது அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"ஆடிக்கு எங்க அண்ணன் வந்து கூப்பிடும் சிஸ்டர். இந்தத் தடவை போனா திரும்ப வரமாட்டேன்."

"ஏம்மா? ஏழுமலை ஏதாவது திட்டுறாரா, அடிக்கிறாரா?"

"ஐயோ, அவரு நல்லவரு. அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னே தோணல சிஸ்டர்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! பாத்திரக்கடைக்காரர் கேஸ்தான் இது என்று முடிவு கட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் மலையைப் பார்த்தார். பழைய மாத்திரையைக் கால் கால் அளவாகக் குறைத்து, புதியதைக் கால் கால் அளவாகச் சேர்த்து, ஒழுங்காக மருந்தை மாற்றினார். அடுத்த முறை வந்தபோது அமுதாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு மருந்துக்கு மாற்றினார். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஏழுமலையின் தூக்கம் மட்டும் கெட்டது.

அடுத்த வியாழக்கிழமை பச்சையம்மாள் வரிசையில் நிற்கக்கூட இல்லை. தட்டியைத் தள்ளிக்கொண்டு நேராக மேஜைக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார் மாத்திரை குடுத்தீங்க? புள்ள ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறான். பாருங்க என் பொடவைய!"

முந்தானையை மேஜை மேல் விரித்துப் போட்டார். ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. டாக்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அவர் புரண்டு படுத்தா உங்க புடவை ஏம்மா கிழியுது?"

"அவன் கையிலதான கட்டியிருக்கேன்."

தட்டிக்கு மேலாக நாய்க்கடி வரிசை எட்டிப் பார்த்தது. நான் கேட்டேன்: "யம்மா, வீட்ல நீ எங்க படுக்கற?"

"நடுவுலதான். இந்தாண்ட அவன், அந்தாண்ட மருமவ."

"எப்பலருந்து?"

"பெரிய ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்து. ராத்திரியிலகூட ஆள் கூடவே இருக்கணும், தனியா வுடக்கூடாதுன்னு அங்க டாக்டர் சொன்னாரே. இனிமே வுடலாம்னு யாரும் சொல்லலியே!"

அதுதான் உண்மை. அன்றைக்கு அந்த டாக்டர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். மாத்திரையை எப்போது குறைப்பது என்று மாதாமாதம் யோசித்த நாங்கள், அவர் போடச் சொன்ன காவலை எப்போது குறைப்பது என்று யோசிக்கவே இல்லை. அவர்கள் இருப்பதோ ஒரு அறையும் அடுப்படியும் உள்ள தொகுப்பு வீடு. ராஜாவுக்கு ஒரு மலை, ராணிக்கு ஒரு மலை என்று கோட்டை கட்டிய ஊர் எங்கள் ஊர். நடுவில் அம்மாவைப் படுக்கவைக்கும் யோசனை அந்த ராஜாவுக்கே வரவில்லை.

நிவேதா, உன் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் இதுதான். தாம்பத்தியம் என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைக்காதே. வீட்டில் யார் யார் எங்கே பாய் போடுகிறீர்கள் என்று கேள். யாரும் வெட்கப்படாமல் சொல்வார்கள், நீயும் ஃபேனைப் பார்க்க வேண்டியிருக்காது.

எனக்கு இருந்த வேகத்தில், "இன்னைக்கே வெளியில வந்து படும்மா" என்று பச்சையம்மாளிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டக்குனு நிறுத்தக் கூடாது, சிஸ்டர்."

எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் மனிதர் விளையாடவில்லை. பேனா மூடியைத் திறந்தார். மாத்திரை எழுதும் அதே சீட்டில், அதே கையெழுத்தில் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்.

"இப்போ முழு அளவுல இருக்கீங்கம்மா. முதல்ல முந்தானை முடிச்சை மட்டும் அவுத்துடுங்க, நடுவிலேயே படுத்துக்கலாம். அது முக்கால். தாங்குதான்னு பாத்துட்டு அடுத்து அரை, அப்போ கதவோரம். அப்புறம் கால், அடுப்படி. அதுவும் தாங்கினா மொட்டை மாடி."

பச்சையம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"சாப்பிட்ட பிறகு" என்றார் டாக்டர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். ஏழுமலைக்குத் தூக்கம் கெடாமல் இருந்த பழைய மாத்திரையையே மறுபடி கொண்டுவரவும் எழுதினார்.

முக்கால் அளவை அந்த அம்மா ஒருவிதமாகச் சமாளித்தார். முடிச்சை அவிழ்த்துவிட்டு, பிள்ளையின் லுங்கி நுனியைக் கைக்குள் பிடித்துக்கொண்டு படுத்ததாக அமுதா புகார் சொன்னாள். அரை அளவில் கதவோரம் போனார். எங்கள் மருந்தாளுநர் தூரத்தில் அவரைக் கண்டாலே, "சிஸ்டர், அரை டோஸ் வந்திருக்கு" என்று குரல் கொடுப்பார். அடுப்படிக்குப் போகச் சொன்னபோதுதான் அந்த அம்மா மறுத்துவிட்டார். கண் சிவந்து, முகம் வீங்கி, மேஜை முன்னால் உட்கார்ந்தார். பிள்ளையும் மருமகளும் பின்னால் நின்றார்கள்.

"முடியாது சார். கதவோரம் படுத்தாலே அவன் மூச்சு கேக்குதான்னு எழுந்து எழுந்து பாக்கறேன். அடுப்படில இன்னா கேக்கும்?"

"அமுதா பக்கத்துல இருக்காங்களேம்மா" என்றார் டாக்டர்.

"அன்னிக்கும் இவதான சார் பக்கத்துல படுத்திருந்தா?"

இரண்டு வருடமாக அந்த வீட்டில் நடுவில் படுத்திருந்தது இந்த வார்த்தைதான். அமுதா அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"அத நீங்க வாயால சொல்லணுமா அத்த? எனக்குத் தெரியாதா? அதனாலதான் நானும் தூங்கறதில்ல. நீங்க இந்தப் பக்கம் முழிச்சிருக்கீங்க, நான் அந்தப் பக்கம் முழிச்சிருக்கேன்."

அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியது நோயாளி ஒருவர்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதைக் கேட்டுச் சிரித்திருப்பேன்.

ஏழுமலை பேசவே மாட்டார். கேட்டதற்கு ஒரு சொல், அதோடு சரி. அன்றைக்கு யாரும் கேட்காமலே பேசினார்.

"அன்னிக்கு இவள எழுப்பலாம்னுதான் சார் கைய நீட்டினேன். பகலெல்லாம் கடை வேலையில நின்னு வந்தவ, தூங்கட்டும்னு விட்டுட்டேன்." அம்மாவைப் பார்த்து, "அவ தூங்கினது தப்பு இல்லம்மா. நான் எழுப்பல. இனிமே அப்பிடி ஏதாவது தோணுச்சுன்னா எழுப்பிடறேன்" என்றார்.

அமுதா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்? டாக்டர் மலைப் பக்கம் திரும்பவில்லை. சீட்டை எடுத்து, கால் அளவு என்று எழுதியிருந்ததற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். வலி வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளும் மாத்திரைக்கு எழுதுவது போலவே எழுதினார்: "தேவைப்பட்டால் மனைவியை எழுப்பவும். எந்த நேரமானாலும்." எழுப்பிய பிறகு என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வருவது என்பதையும் இருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பச்சையம்மாள் அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீல் வையுங்க" என்றார். வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு இரவே அடுப்படிக்குப் போய்விட்டாராம்.

ஆடி பிறந்தது. அமுதாவின் அண்ணன் அவளை அழைத்துப்போக வந்துவிட்டான். பிறகு நடந்ததை அமுதாவே என்னிடம் சொன்னாள்.

"நான் வரலண்ணா" என்றிருக்கிறாள்.

"வரலயா? ஊர்ல கேட்டா இன்னான்னு சொல்றது?"

"எங்க அத்தைய கூட்டிட்டுப் போ. அவங்களும் எங்கயும் போனதில்ல."

இந்த ஜில்லாவில் ஆடிக்கு மருமகளை வைத்துக்கொண்டு மாமியாரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும். அண்ணன் பைக்கின் பின்னால் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போன பச்சையம்மாளைத் தெருவே பார்த்ததாம். ஆடி மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் தனியாக இருக்கலாமா என்று கேட்டவர்களிடம் அமுதா, "டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டாளாம்.

மாமியார் திரும்பி வருவதற்குள் ஒரு காரியம் நடந்தது. ஒரு வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏழுமலையும் அமுதாவும் ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வரிசையில் முதலாவதாக நின்றார்கள். நாய்க்கடி வரிசைப் பக்கம் போகவில்லை. முந்தின இரவு பழைய நினைப்பு வந்து ஏழுமலை அமுதாவை எழுப்பியிருக்கிறார். அவள் எழுந்து உட்கார்ந்து விடியும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறாள். டாக்டரிடம் ஏழுமலையே எல்லாவற்றையும் சொன்னார். மருந்தின் அளவைச் சரிசெய்தோம், அந்த வாரம் முழுக்க நான் தினமும் போனில் பேசினேன். பத்து நாளில் வேலைக்குப் போனார்.

ஆடி முடிந்து பச்சையம்மாள் வந்தார். அந்த வியாழக்கிழமை மூன்று பேரும் வரப்போகிறார்கள் என்று எனக்குக் கவலை. நடந்தது தெரிந்தால் இந்த அம்மா மறுபடி முந்தானையை எடுத்துக் கட்டிவிடுவார், பிறகு அமுதாவை யாராலும் பிடித்துவைக்க முடியாது. ஆனால் வந்து உட்கார்ந்த அம்மாவின் முகம் தெளிந்திருந்தது.

"சம்பந்தி வூட்ல படுத்தேன் பாருங்க சிஸ்டர், வெயில் மூஞ்சில அடிக்கிறவரைக்கும் தூங்கிட்டேன். நான் செத்துட்டேன்னு நெனச்சு அந்தப் பொம்பள ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிடுச்சு!"

வராந்தாவே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஏழுமலை, "அம்மா, நீ இல்லாதப்ப ஒரு நாள் ராத்திரி இவள எழுப்பினேன்" என்று சொல்லிவிட்டார்.

பச்சையம்மாளின் கை தானாக முந்தானைக்குப் போனது. எனக்கு அந்தக் கையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, அமுதாவைப் பார்த்தார்.

"எழுப்புனதும் எழுந்தியா?"

"எழுந்துட்டேன் அத்த."

அந்த அம்மா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அப்ப நான் மாடியிலயே படுத்துக்கறேன். அங்கதான் காத்து நல்லா வருது."

டாக்டர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். பழக்கம் விடுமா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலைப் பக்கம் திரும்பி, "மத்தபடி?" என்றார்.

பச்சையம்மாள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மத்தபடிய நீங்க ஒண்ணும் கேக்காதீங்க சார். அத அவங்க பாத்துக்குவாங்க."